பொட்டலத்தில் வந்த டென்னிஸ்

டென்னிஸ் ஆட்டம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை நான் பார்த்ததே இல்லை. பதினைந்து, முப்பது என்று ஏறிவிட்டு அடுத்தது நாற்பது என்று நிற்கும் அந்தக் கணக்கை எவன் எழுதினானோ, அவனை எங்கள் தோட்டத்து ஆபீசில் ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும், ஜப்பான்காரன் காலத்தில் ஏறக்குறைய ஐந்து மாதம், பேராக்கில் நடந்த வெள்ளைக்காரப் பெண்களின் டென்னிஸ் பந்தயத்தில் அடுத்த சுற்றுக்கு யார் போவார் என்று ஆரூடம் சொல்வதே என் முக்கிய அலுவலாக இருந்தது. அந்தப் பந்தயம் முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிந்துபோன பந்தயத்துக்கு ஆரூடம் சொல்லி, அதிலும் தோற்றவன் என்ற பெருமை எனக்கு முன்னால் யாருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்பு மலைகளின் நிழல் விழும் தூரத்தில், ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவனுக்கு ஒரு கோடு, வராதவனுக்கு ஒரு சுழி போடுவது வேலை. ஜப்பான்காரன் வந்ததும் முதல் காரியமாக எங்கள் கடிகாரத்தை டோக்கியோவுக்கு மாற்றினான். கடிகாரத்தில் ஆறு மணி, வானத்தில் நாலரை. இருட்டில் பெயர் கூப்பிடுவேன். இருட்டிலிருந்து குரல்கள் பதில் சொல்லும். முகம் தெரியாது. பாதி நாள், குரல்களை மட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டு ஆட்கள் லயத்து வீடுகளில் தூங்குகிறார்களோ என்று தோன்றும். ரப்பர் வாங்க ஆளில்லாததால் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. சும்மா நிற்கும் மரங்களுக்கு இடையே பனி வந்து உட்கார்ந்தால் எழுந்து போக மனம் வராமல் வெகுநேரம் இருக்கும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

படிக்க ஒன்றும் கிடையாது. இங்கிலீஷ் புத்தகம் வைத்திருப்பது ஆபத்து என்று என் பெட்டியிலிருந்த நாலைந்தையும் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்து, கறையான்களுக்கு இலக்கிய ருசி உண்டாக்கியிருந்தேன். மிச்சமிருந்தது பொட்டலத் தாள். ஓடிப்போன எங்கள் தொரையின் பங்களாவில் மலைபோல் குவிந்திருந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை, சந்தியில் மளிகைக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். கட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டதால் அவர் கைக்குப் பழைய தாள்தான் முதலில் வரும். ஆகவே வாரம் ஒரு பொட்டலமாக, உலகம் எங்களுக்கு நாள் வரிசை தப்பாமல் வந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் பிந்தி வந்தது, அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் கருவாடு சுற்றி வந்த தாளில் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். சனிக்கிழமை தோறும் ஈப்போ கிளப்பில் ஆடும் பந்தயம். எட்டுப் பெண்கள், எதிரெதிராக நாலு ஜோடி. பெயர்களெல்லாம் புருஷன் பெயர்கள். எங்களுக்கு அவை ஒட்டவில்லை. ஊரை வைத்துத்தான் ஆளைச் சொல்லுவோம். லூமுட் துறைமுக அதிகாரியின் மனைவி லூமுட் அம்மா. பாகான் செராய் வாய்க்கால் இன்ஜினியரின் மனைவி பாகான் செராய் அம்மா. ஆயர் தாவார் தோட்டத்து மேனேஜரின் மனைவி ஒருத்தர். நாலாவது ஜோடியில் எங்கள் தொரையின் மனைவி, நம்ம தொரசானி.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் அண்ணன் ஒருவர் இருந்தார். மருந்து தீர்ந்து ஒரு வருஷமாகியும் வெள்ளைக் கோட்டு மட்டும் தீராமல் வைத்திருந்தவர். தாளை அவரிடம் காட்டினேன்.

“ஆயர் தாவார்தான் கப்பு வாங்கும்,” என்றார் உடனே. “ஒருநா ஊசி போட வந்துச்சு. கெண்டைக்கால் பாத்திருக்கேன் தம்பி. இரும்பு.”

“வைத்தியம் பாத்தீங்களா, காலைப் பாத்தீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதான்லா.”

நான் பாகான் செராய் அம்மாவைச் சொன்னேன். வாய்க்கால் இன்ஜினியரின் மனைவிக்கு எது எங்கே பாயும் என்று தெரிந்திருக்கும் என்பது என் தர்க்கம். இன்றைக்கும் என் தர்க்கங்கள் இந்தத் தரத்தில்தான் இருக்கின்றன. அச்சில் வருவதால் யாரும் கேட்பதில்லை.

பங்களாப் பக்கமிருந்து கூடையோடு வந்த புல்லு வெட்டும் அக்கா, ஆஸ்பத்திரிப் படியில் கூடையை இறக்கினாள். முப்பது வயதிருக்கும். சண்டைக்கு முன்னால் பங்களாவின் டென்னிஸ் தரைக்குப் புல் வெட்டி, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டவள். இப்போது அதே தரையைக் கொத்தி மரவள்ளி நட்டிருந்தாள். பத்து வருஷம் மேடு பள்ளம் இல்லாமல் காத்த தரையில் அவளே பாத்தி கட்டினாள். வலை கட்டும் இரண்டு கம்பங்கள் மட்டும் மரவள்ளிக்கு நடுவே நின்றன.

“மீனைத் தின்னுட்டுத் தாளை வச்சுக்கிட்டு என்னங்கய்யா வழக்கு?”

சொன்னேன். பட்டியலைக் கேட்டாள். படித்துக் காட்டினேன். கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “ஆயர் தாவார் அம்மா மொத ஆட்டம் தாண்டும், ரெண்டாவதுல விழும். லூமுட் அம்மா கடைசி வரைக்கும் வரும்.”

டிரஸர் அண்ணனுக்குக் கோபம். “ஒனக்கு டென்னிசு தெரியுமா?”

“டென்னிசு தெரியாது. புல்லு தெரியும். மாசம் ஒருக்கா அவங்கல்லாம் இங்க வந்துதானே ஆடுவாங்க? லூமுட் அம்மா ஓடாது. நிக்கிற எடத்துலயே நிக்கும், பந்தை அதுகிட்ட வர வச்சிரும். அது நின்ன எடத்துல ஒரு வட்டம் புல்லு செத்துரும். ஆயர் தாவார் அம்மா தரை பூராம் கிழிச்சு வச்சிட்டுப் போகும், மாடு மேஞ்சாப்புல. நம்ம தொரசானி மொதல்ல தடுமாறும். ஒரு மணி நேரம் போனா வலைக்கு முன்னால மிதிச்சு மிதிச்சுப் புல்லைக் கொன்னுரும். சூடு புடிக்க நேரமாகும், அவ்வளவுதான்.”

மூன்றாவது வாரம் உப்புப் பொட்டலத்தில் முதல் சுற்று முடிவு வந்தது. அவள் ஜோடிக்கு ஒருத்தராகச் சொன்னது நாலுக்கு நாலு சரி. எனக்கு ஒன்று. டிரஸர் அண்ணனுக்கு இரண்டு. அதற்கே அன்று முழுக்க வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை.

இதுவரை விளையாட்டு. விளையாட்டு எங்கே நின்றது என்றும் தெரியும். “தவுக்கே கடையிலதானே மொத்தக் கட்டும் இருக்கு, போய்ப் பொரட்டிப் பாத்துட்டு வாரேன்” என்று டிரஸர் அண்ணன் கிளம்பினார். அக்கா படியில் குறுக்கே நின்றாள்.

“போகாதீங்க. பூக்கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டா குலுக்குவாங்க?”

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பூ அம்மன் வாக்கு. பூ கட்டிப் போடுகிற பூசாரியையும் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அக்காளின் புருஷனும் அதே லாரியில் போனவன்தான். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள், பதினோரு மாதமாகிவிட்டது. அவளுக்கு அம்மனிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது, கேட்க வழியில்லை. தாளில் மடித்து, வாரம் ஒன்றாக, தானே வந்து சேரும் பொட்டலங்களைப் பார்த்ததும் அம்மன் வேறு வழி திறந்திருக்கிறாள் என்று முடிவு பண்ணிவிட்டாள்.

“நம்ம தொரசானி ஜெயிச்சா அவரு வருவாரு. நான் இங்கியே இருந்துக்கிறேன். தோத்தா, பாகான் செராய்க்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்.”

தொரசானி ஜெயித்தாரா என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. பந்தயத்துக்கு ஈப்போ போனவர், அங்கிருந்து அப்படியே ஓய்வெடுக்க மலைக்குப் போனார். இறங்குவதற்குள் சண்டை வந்துவிட்டது. பிறகு சிங்கப்பூர் என்றார்கள், கப்பல் என்றார்கள், சிறை என்றார்கள். அந்த வாரத்துப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைப் பார்க்க யாருக்கு மனம் இருந்தது?

நான் சிரித்திருக்க வேண்டும். மூடநம்பிக்கையைப் பற்றி அந்த வயதில் என்னிடம் முக்கால் மணி நேரப் பிரசங்கம் ஒன்று தயாராக இருந்தது. ஆனால் சயாமுக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதியவன் நான். ஜப்பான்காரன் ஆள் கேட்டான், பெரிய கிராணி பெயர்களைச் சொன்னார், நான் எழுதினேன். அழகான கையெழுத்து என்று அதற்கும் பாராட்டு கிடைத்தது. அந்தப் பிரசங்கத்தை அவளிடம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

பிறகு வந்த வாரங்கள் இப்போது நினைத்தால் கனவுபோலத்தான் இருக்கின்றன. வெயில் காலம். ரப்பர்க் காய்கள் உச்சியில் வெடிக்கும். ‘டொக்’கென்று ஒரு சத்தம், சற்று நேரம் கழித்து எதிர்ப்பக்க மரத்திலிருந்து ‘டொக்’. மத்தியானம் மரவள்ளிப் பாத்தி ஓரம் உட்கார்ந்தால், கண்ணுக்குத் தெரியாத இரண்டு பேர் தோட்டத்துக்கு மேலே பந்தடித்துக்கொண்டிருப்பது போலிருக்கும். அக்கா தலையைத் தூக்காமல் சொல்லுவாள்: “இது லூமுட் அம்மா. பாருங்க, நின்னுக்கிட்டே அடிக்குது.” நாங்கள் மூன்று பேரும் மேலே பார்ப்போம். பசியில் தலை லேசாகிவிட்டால் இப்படியெல்லாம் பார்க்க முடியும். டென்னிஸ் ஆட்டம் எதையும் முழுதாகப் பார்த்ததே இல்லை என்று தொடக்கத்தில் சொன்னது, கறாராகச் சொன்னால், பொய்.

புகையிலைப் பொட்டலத்தில் அரை இறுதி வந்தது. ஆயர் தாவார் அம்மாவை நம்ம தொரசானி மூன்று செட்டில் சாய்த்துவிட்டார். என் பாகான் செராய் அம்மா லூமுட் அம்மாவிடம் விழுந்தார். அக்கா தாளை என் கையிலிருந்து வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று படியேறும்போது அவள் கொஞ்சம் நின்றாள். டிரஸர் அண்ணன் அவளை உட்காரச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் குழியைப் பார்த்தோம். நிரம்ப வெகுநேரம் ஆயிற்று.

அவள் போன பிறகு அவர் என்னிடம் சொன்னார். “வெறும் மரவள்ளியில இந்த வீக்கம் வடியாது தம்பி. நெஞ்சுக்கு ஏறிடுச்சுன்னா ரெண்டு மாசம். இதுக்கு மருந்து தவிடு. அரிசித் தவிடு. பாகான் செராய்ல மில்லுக்கு மில்லு மாட்டுக்குக் கொட்டுறான்.”

“அவங்ககிட்டயே சொல்லுங்களேன்.”

“சொல்லாம இருப்பனா? அவரு வந்து தேடுனா யாரு இருப்பாங்கன்னு கேக்குது. சாமி சொல்லட்டும், போறேன்ங்குது.” கோட்டின் காலியான பையில் கையை விட்டுக்கொண்டார். “அதுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீ படிக்கிறதுதான் ஃபைனல்.”

இதில் எனக்கு இருந்த சங்கடம் பகுத்தறிவுக்கு எட்டாதது. ‘தோற்றார்’ என்று படித்தால் அவள் பிழைப்பாள். ஆனால் அவள் கணக்குப்படி அவள் புருஷன் செத்துப்போவான். ஒருதடவை என் கையால் அவனைச் சயாமுக்கு அனுப்பியாயிற்று. இப்போது வாயால் கொல்ல வேண்டும். ஒரு டென்னிஸ் முடிவை மாற்றிப் படித்தால் அறுநூறு மைலுக்கு அப்பால் ஒருவன் சாக மாட்டான் என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டேன், முக்கால் மணி நேரம். கேட்டவன் நம்பவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் போய்விட்டால் அந்தப் படியில் டிரஸர் அண்ணனும் நானும் அவருடைய கோட்டும்தான் மிச்சம். அந்த நினைப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே தொரசானி நிஜமாகவே தோற்றுத் தொலைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு வேண்டுதலை வாபஸ் வாங்கினேன். இரண்டையும் அம்மன் கேட்டிருப்பாள். என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ.

இறுதி ஆட்டம் கருவாட்டில் வந்தது. பெரிய தாள். ஓரம் எண்ணெய் ஊறிக் கண்ணாடி போலாகியிருந்தது. பின்பக்கத்துச் சண்டைச் செய்தி முன்பக்கத்து டென்னிசில் தெரிந்தது. அக்கா மரவள்ளிப் பாத்தியில் இருந்தாள். வலைக்கம்பத்தில் சாய்ந்துகொண்டு, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டிரஸர் அண்ணன் மறுகம்பத்தில். நான் நடுவில் நின்று படித்தேன்.

நம்ம தொரசானி ஜெயித்திருந்தார். முதல் செட்டை லூமுட் அம்மாவிடம் விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் வலைக்கு முன்னால் வந்து நின்று எடுத்திருந்தார். புல் சொன்னது ஒன்றுவிடாமல் நடந்திருந்தது. அந்தக் காலத்து ஈப்போ வெயிலில், வெள்ளை உடுப்பில், கோப்பையை வாங்கிச் சிரித்திருப்பார். ஒரு வரியில் எல்லாம் இருந்தது.

“என்னங்கய்யா?”

“தோத்துட்டாங்க அக்கா.”

உச்சியில் ஒரு காய் வெடித்தது. அவள் கையிலிருந்த கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு ஆட்டமா, மூணா?”

“மூணு.”

“அப்ப சும்மா தோக்கல.” கிழங்கைக் கூடையில் போட்டுவிட்டு, “சரி. நாளைக்கு ஈப்போவுக்கு லாரி எதுவும் போகுதான்னு பாருங்க. அங்கேருந்து பாகான் செராய் பக்கம் போயிருவேன்,” என்றாள்.

டிரஸர் அண்ணன் மூச்சு விட்டது கேட்டது. எனக்கு அந்த மூச்சு வரவில்லை. அவள் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

“என்னத்துக்கு மூஞ்சியை அப்படி வச்சிருக்கீங்க? நீங்களா ஆடித் தோத்தீங்க?”

“இல்ல அக்கா… உங்க வீட்டுக்காரரைப் பத்தி நீங்க நெனச்சுக்கிட்டது…”

“அதுவா?” வலைக்கம்பத்தைப் பிடித்து எழுந்தாள். “இந்தத் தரையில பத்து வருசம் ஆட்டம் பாத்திருக்கேன். ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் அந்தா, அந்த ஒரே கேட்டு வழியாத்தான் வெளிய வருவாங்க. ஜெயிச்சவங்களுக்கும் எலுமிச்சம்பழத் தண்ணி, தோத்தவங்களுக்கும் எலுமிச்சம்பழத் தண்ணி. தோத்தவங்க வீட்டுக்குப் போகாம இங்கியே செத்தா கெடந்தாங்க? கார்ல ஏறிப் போனாங்கல்ல?”

“அப்ப அம்மன் சொன்னது?”

“அம்மா என்னையப் போகச் சொல்லியிருக்கா. அவரு வர மாட்டாருன்னு எங்க சொன்னா?” கூடையை எடுத்துக்கொண்டாள். “அவரு வருவாரு. வந்தா பாகான் செராய்ல இருக்கேன்னு சொல்லணும். அது ஒங்க பொறுப்பு. நீங்க எங்கயும் போயிறாதீங்க.”

ஐந்து மாதம் பொட்டலம் பொட்டலமாக அவள் கட்டி வைத்திருந்ததை இரண்டு வாக்கியத்தில் பிரித்துப் போட்டுவிட்டு நடந்தாள். என் பொய் ஒருவேளை தேவையே பட்டிருக்காதோ, தொரசானி ஜெயித்தார் என்று சொல்லியிருந்தாலும் அதிலிருந்தும் ஒரு வழி கண்டுபிடித்திருப்பாளோ என்று இப்போது தோன்றுகிறது. சொல்ல முடியாது. என் ஆரூடங்களின் யோக்கியதை உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் மரவள்ளி ஏற்றிப்போன லாரியில், மூட்டைகளுக்கு மேல், காலை நீட்டி உட்கார்ந்து போனாள். தாளை நான் மடித்து, பெயர் கூப்பிடும் புத்தகமான செக்ரோலுக்குள் வைத்தேன். எங்கேயாவது ஓடிவிடலாம் என்றிருந்த எனக்கு, அதன் பிறகு ஓட முடியவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து ஆள் மூலம் சேதி வந்தது: தவிட்டுக் கஞ்சி குடித்துக் கால் வற்றிவிட்டது, நாற்று நடப் போகிறாள். கிராணி ஐயா இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறாரா என்று விசாரித்தாளாம்.

ஜப்பான்காரன் போனான். கடிகாரம் டோக்கியோவிலிருந்து திரும்பி வந்தது. பெரட்டில் மறுபடி முகங்கள் தெரிய ஆரம்பித்தன. அக்காளின் புருஷன் வரமாட்டான் என்பதே என் சொந்த ஆரூடம். யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் தினமும் அவன் பெயருக்கு நேரே சுழி போடும்போது கை நிச்சயமாகப் போட்டது.

ஒரு காலை, பெயர் கூப்பிட்டு முடித்துப் புத்தகத்தை மூடும்போது, வரிசையின் கடைசியில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அரைக்கால் சட்டை, சாக்குத் துணி, எலும்பு. தன் பெயர் வரும் என்று காத்திருக்கிற நிற்பு. அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு புத்தகத்தைத் திறந்து, அவன் பெயரைக் கூப்பிட்டேன்.

“வந்துட்டேங்க,” என்றான். பிறகு, “லயத்துல அவ இல்லீங்களே.”

“பாகான் செராய். கொழுந்தியா வீட்டுல.”

“உசுரோட?”

“நாத்து நட்டுக்கிட்டு.”

அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். டிரஸர் அண்ணன் ஓடிவந்து நாடி பிடித்தார். அவித்த மரவள்ளி கொடுத்தோம். ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை, கிளம்பிவிட்டான். நான் செக்ரோலுக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

“இதை அக்காகிட்ட குடுங்க. கிராணி தப்பாப் படிச்சிட்டான், தொரசானிதான் ஜெயிச்சாங்கன்னு சொல்லுங்க.”

“எந்தத் தொரசானி?”

“சொன்னா அவங்களுக்குப் புரியும்.”

தலையாட்டி, அரைக்கால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். செம்மண் சாலையில் நடந்தான். வளைவுக்கு முன்னால் நின்று மடியிலிருந்து டிரஸர் அண்ணன் கொடுத்த புகையிலையை எடுப்பதைப் பார்த்தேன். பிறகு பைக்குள் கைவிட்டு அந்தத் தாளை எடுத்தான். நீளமாக ஒரு துண்டு கிழித்தான், சுருட்டினான், நாக்கால் ஒட்டினான். கூப்பிட வாயைத் திறந்தேன். அவன் முதல் இழுப்பு இழுத்துவிட்டு, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் காட்டி நின்றான். வாயை மூடிக்கொண்டேன்.

கருவாட்டு வாசம் அடித்திருக்கும். அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. இறுதி ஆட்டத்தின் இரண்டாவது செட்டோ மூன்றாவது செட்டோ, நீலமாக எழுந்து வெட்டில்லாத மரங்களுக்கு இடையே போய் நின்றது. பாகான் செராய் போய்ச் சேர்வதற்குள் மிச்சத்தையும் முடித்திருப்பான். உச்சியில் ஒரு காய் ‘டொக்’கென்று வெடித்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று நானும் டிரஸர் அண்ணனும் மேலே பார்த்துக்கொண்டே நின்றோம்.